350 பவுண்டு விலையில் முடங்கிய ஒரு விங்கர்

1912 மார்ச்சில் லண்டன் உயர் நீதிமன்றத்தின் கிங்ஸ் பெஞ்ச் பிரிவில் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது. வழக்குப் போட்டவர் ஹெர்பர்ட் கிங்கபி. தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரர், வலது ஓரத்தில் ஆடும் விங்கர். எதிர்த்தரப்பு ஆஸ்டன் வில்லா, அன்றைய இங்கிலாந்தின் பெரிய கிளப்புகளில் ஒன்று. அந்தக் கிளப்புக்காக கிங்கபி மொத்தமே நாலு லீக் ஆட்டம்தான் ஆடியிருந்தார். அங்கிருந்து கிளம்பி ஏறக்குறைய ஆறு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் அவர் எந்த கிளப்புக்கு ஆடலாம் என்பதில் வில்லாவின் பிடி விடவில்லை. அவரை வேண்டும் என்று நினைக்கும் கிளப் முதலில் வில்லாவுக்கு 350 பவுண்டு கட்ட வேண்டும். முப்பது வயதைத் தாண்டிய, புகழ் பெறாத ஒரு விங்கருக்கு அந்தப் பணத்தைக் கொடுக்க யாரும் முன்வரவில்லை.

அந்தக் காலத்து விங்கர்கள் என்றால் கால்பந்து வரலாறு தெரிந்தவர்களுக்கு முதலில் பில்லி மெரடித்தான் நினைவுக்கு வருவார். பல்குத்தும் குச்சியைக் கடித்தபடியே ஓடுவார், 1904 எஃப்ஏ (இங்கிலாந்துக் கால்பந்தை நிர்வகிக்கும் அமைப்பு) கோப்பை இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் சிட்டிக்கு வெற்றி கோல் அடித்தவர். கிங்கபிக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. இங்கிலாந்து அணிக்கு ஆடியதில்லை. ‘ராபிட்’ என்று ஒரு பட்டப்பெயர் மட்டும் இருந்தது, ஓரத்தில் பாய்ந்து ஓடுகிறவருக்குப் பொருத்தமான பெயர்தான். ஆனால் தொழில்முறை ஆட்டக்காரர்களின் நிலைமை அன்றைக்கு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள மெரடித்தைவிட கிங்கபியின் கதைதான் அதிகம் உதவும். பெரிய நட்சத்திரத்துக்கு எவ்வளவு விலை வைத்தாலும் வாங்க ஆள் உண்டு. சாதாரண ஆட்டக்காரனுக்குக் கொஞ்சம் கூடுதலாக விலை வைத்துவிட்டால் போதும், அவன் பிழைப்பு முடிந்தது.

முதலில் அவர் செய்த வேலையைப் பார்ப்போம். அன்றைக்கு எல்லா அணிகளும் கிட்டத்தட்ட ஒரே அமைப்பில்தான் ஆடின. பின்னால் இரண்டு பேர், நடுவில் மூன்று பேர், முன்னால் ஐந்து பேர். அந்த ஐந்து பேரில் இரு ஓரங்களிலும் நிற்பவர்கள்தான் விங்கர்கள். எல்லைக்கோட்டை ஒட்டியே ஓட வேண்டும், எதிரணியின் பின்கள ஆட்டக்காரரை ஏய்த்துக் கடக்க வேண்டும், மூலைக்கொடி பக்கம் போய்ப் பந்தை நடுவுக்கு அனுப்ப வேண்டும். தனக்கும் கோல்கோட்டுக்கும் இடையில் எதிரணிக்காரர் மூன்று பேர் இல்லாவிட்டால் ஆஃப்சைடு என்ற விதி 1925 வரை இருந்தது. அதனால் முன்கூட்டியே முன்னால் போய் நின்றுகொண்டு பந்துக்குக் காத்திருக்க முடியாது. பந்தைக் காலில் வைத்துக்கொண்டு ஓடிக் கடக்கத் தெரிந்தவனுக்குத்தான் மதிப்பு. ஆனால் விங்கர் தானாகப் போய்ப் பந்தைத் தேடி எடுக்கிறவர் அல்ல. உள்பக்கம் ஆடுகிறவர் பந்து கொடுத்தால்தான் அவருக்கு வேலை. புது அணிக்குப் போனவரோடு பக்கத்து ஆட்டக்காரருக்கு ஒத்துப்போக நாளாகும். அதனால் நாலு ஆட்டத்தை வைத்து ஒரு விங்கரை எடைபோடுவது நியாயமே இல்லை என்பது என் எண்ணம்.

கிங்கபி 1880-இல் லண்டனில் பிறந்தவர். கிளாப்டன் ஓரியன்ட் என்ற கிழக்கு லண்டன் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தார். ஓரியன்ட் 1905-இல்தான் ஃபுட்பால் லீகின் இரண்டாம் டிவிஷனில் சேர்ந்தது. முதல் பருவத்திலேயே கடைசி இடம், போதாததற்குப் பணக்கஷ்டம் வேறு. வில்லாவின் கதை நேர்மாறு. 1890-களிலிருந்து 1900-க்குள் ஐந்து முறை லீக் பட்டம் வென்றிருந்தது, 1905-இல் நியூகாசிலை வீழ்த்தி எஃப்ஏ கோப்பையையும் எடுத்திருந்தது. 1906-இல் அதன் வலது ஓர ஆட்டக்காரர் பில்லி பிரான் மிடில்ஸ்பரோவுக்குப் போய்விட்டார். அந்த வருடம் மார்ச்சில் வில்லா 300 பவுண்டு கொடுத்து கிங்கபியை வாங்கியது. சம்பளம் வாரத்துக்கு 4 பவுண்டு.

4 பவுண்டு என்பது அன்றைக்கு விதி அனுமதித்த உச்ச சம்பளம். எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்ற விதி 1901-லிருந்து நடைமுறையில் இருந்தது. தொழிற்சாலையில் வேலை செய்யும் தேர்ந்த தொழிலாளியின் கூலியோடு ஒப்பிட்டால் இது இரண்டு மடங்குக்கும் மேல், ஆகவே குறைவான பணம் இல்லை. ஆட்டக்காரர்களுக்கு உண்மையான விலங்காக இருந்தது சம்பள வரம்பு அல்ல, 1893 முதல் லீக் கடைப்பிடித்துவந்த இன்னொரு விதி.

ஆட்டக்காரர் ஒரு கிளப்பில் ஒரு பருவத்துக்குக் கையெழுத்துப் போடுவார். பருவம் முடிந்ததும் ஒப்பந்தமும் முடிந்துவிடும், சம்பளமும் நின்றுவிடும். ஆனால் லீகில் அவர் பெயர் எந்த கிளப்பின் கீழ் பதிவாகியிருக்கிறதோ அந்தப் பதிவு அந்த கிளப்பின் சொத்தாகவே இருக்கும். கிளப் ஒவ்வொரு வருடமும் இரண்டு பட்டியல் போடும். ஒன்று தக்கவைத்துக்கொள்கிறவர்களின் பட்டியல். அதில் பெயர் இருந்தால், கிளப் சொல்லும் சம்பளத்துக்கு மறுபடி கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் லீகில் வேறு எங்கும் ஆட முடியாது. மற்றது விற்பனைப் பட்டியல். அதில் பெயர் இருந்தால் கிளப்புக்கு அவர் வேண்டாம், சம்பளமும் கிடையாது. ஆனால் வேறு கிளப் அவரை எடுத்துக்கொள்ள வேண்டுமானால், பழைய கிளப் சொல்லும் விலையைக் கட்ட வேண்டும். வைக்கோற்போரில் படுத்த நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்னவிடாது என்பார்களே, அதை அப்படியே சட்டப் புத்தகத்தில் எழுதி வைத்த மாதிரி.

இந்த முறைக்கு ஆதரவாகவும் ஒரு வாதம் இருந்தது, அதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. ஆட்டக்காரர்கள் வருடா வருடம் விருப்பப்படி கிளப் மாறலாம் என்று விட்டால் பணக்கார கிளப்புகள் நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாரையும் அள்ளிக்கொண்டு போய்விடும். சின்ன ஊர் கிளப்புகளால் தாக்குப்பிடிக்க முடியாது, லீக் ஒரு சில நகரங்களின் விளையாட்டாகிவிடும். பர்ன்லி கிளப்பைச் சேர்ந்த வழக்கறிஞர் சார்லஸ் சட்கிளிஃப் இந்த முறையின் முக்கியமான காவலர்களில் ஒருவர், கடைசிவரை அதைத் தாங்கிப் பிடித்தார். சின்ன கிளப்புகளின் கவலை பொய்யில்லை. ஆனால் அந்தச் சமநிலைக்கான செலவு முழுக்க ஆட்டக்காரர் தலையில்தான் விழுந்தது. அதோடு பணக்கார கிளப்பை இந்த முறை தடுத்ததாகவும் தெரியவில்லை. 1905 பிப்ரவரியில் மிடில்ஸ்பரோ ஆல்ஃப் காமன் என்ற ஒரு ஆட்டக்காரருக்கு மட்டும் சண்டர்லாந்துக்கு 1,000 பவுண்டு கொடுத்தது, அன்றைக்கு அது ஊரையே பேசவைத்த தொகை. விலைகள் ஏறுவதைப் பார்த்து எஃப்ஏ 1908 ஜனவரியில் எந்த ஆட்டக்காரர் மாற்றத்துக்கும் 350 பவுண்டுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று உச்சவரம்பு போட்டது. மூன்றே மாதத்தில் அதைக் கைவிட வேண்டியதாயிற்று.

கிங்கபிக்கு வருவோம். நாலு ஆட்டத்துக்குப் பிறகு வில்லாவுக்கு அவர் தேவைப்படவில்லை. கொடுத்த விலையில் பாதிக்கு அவரை ஓரியன்டிடமே திருப்பிக் கொடுக்க வில்லா முன்வந்தது. ஓரியன்ட் மறுத்துவிட்டது. இருந்த நிலைமையில் 150 பவுண்டு அதற்குப் பெரிய தொகையாகத்தான் இருந்திருக்கும். வேறு லீக் கிளப்பும் கேட்கவில்லை. அதோடு அவர் ஆட்டம் முடிந்திருக்க வேண்டும். முடியாததற்குக் காரணம், அன்றைக்கு இங்கிலாந்தில் இன்னொரு லீக் இருந்ததுதான்.

சதர்ன் லீக். பெயருக்கு ஏற்றபடி தென்பகுதி கிளப்புகளின் அமைப்பு. இளப்பமான ஆட்டம் என்று நினைத்துவிடக்கூடாது. 1901-இல் டாட்டன்ஹம் ஹாட்ஸ்பர் எஃப்ஏ கோப்பையை வென்றபோது அது சதர்ன் லீக் அணி. சவுத்தாம்ப்டனும் அந்த லீகிலிருந்து 1900, 1902 இரண்டு வருடமும் இறுதியாட்டம்வரை வந்தது. இந்த லீகுக்கும் வடக்கே மையம் கொண்ட ஃபுட்பால் லீகுக்கும் ஆட்டக்காரர் பதிவு பற்றி உடன்பாடு கிடையாது. அங்கே தடைபட்டவரை இங்கே ஒரு பைசா கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். விற்பனைப் பட்டியலில் சிக்கிய எத்தனையோ பேருக்கு அது ஒரு கொல்லைப்புற வாசல். கிங்கபியும் அந்த வழியாகத்தான் தப்பித்தார். 1906-07 பருவத்தில் ஃபுல்ஹம் கிளப்புக்குப் போனார், அந்தப் பருவம் சதர்ன் லீக் பட்டத்தை வென்றது ஃபுல்ஹம்தான். 1907-இல் ஃபுல்ஹம் ஃபுட்பால் லீகில் சேர்ந்துகொண்டது. சேர்ந்த கையோடு லீகின் விதிகளும் அதற்குப் பொருந்தும், அப்புறம் கிங்கபி அங்கே எப்படி இருக்க முடியும்? சதர்ன் லீகிலேயே இருந்த லேட்டன் கிளப்புக்குப் போனார். அங்கே மூன்று வருடம் ஆடினார்.

1910-இல் அந்த வாசல் அடைபட்டது. இரண்டு லீகுகளும் ஒன்றின் ஆட்டக்காரர் பட்டியலை மற்றது மதிப்பதென்று ஒப்பந்தம் செய்துகொண்டன. நிர்வாகிகளுக்கு அது ஒரு காகித ஒப்பந்தம். கிங்கபிக்கு அது 1906-ஆம் வருடத்துக்கே திரும்பிப் போன மாதிரி. லேட்டனை விட்டு வேறு கிளப் தேடலாம் என்று பார்த்தபோது வில்லாவின் பதிவு உயிரோடு எழுந்து வந்து நின்றது. வில்லா கேட்ட விலை 350 பவுண்டு. நாலு வருடத்துக்கு முன் இளமையில் அவரை வாங்கக் கொடுத்ததைவிட 50 பவுண்டு அதிகம்! பாதி விலைக்கே போகாத ஆட்டக்காரர் இப்போது நாலு வயது கூடிய நிலையில் இந்த விலைக்கு எப்படிப் போவார்? உச்ச சம்பளத்தில் கணக்குப் பார்த்தால் 350 பவுண்டு என்பது 87 வாரத்துக்கு மேற்பட்ட சம்பளம். ஒரு கிளப் இதைக் கட்டிவிட்டு, அதற்கப்புறம் அவருக்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும். ஒரு விங்கரின் கால்கள் முப்பதுக்கு மேல் எத்தனை பருவம் ஓடும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

இங்கே ஆட்டக்காரர் சங்கம் உள்ளே வருகிறது. 1907 டிசம்பர் 2-ஆம் தேதி மான்செஸ்டர் இம்பீரியல் ஹோட்டலில் மெரடித் தலைமையில் கூடிய கூட்டத்தில் அது உருவானது. சம்பள வரம்பையும் இந்தப் பதிவு முறையையும் ஒழிப்பதுதான் நோக்கம். 1909 கோடையில் எஃப்ஏ, சங்கத்தை விட்டு விலகாதவர்கள் ஆடவே முடியாது என்று மிரட்டியபோது பலர் விலகினார்கள், மான்செஸ்டர் யுனைட்டட் ஆட்டக்காரர்கள் அசையவில்லை. ‘அவுட்காஸ்ட்ஸ் எஃப்சி’, அதாவது ஒதுக்கப்பட்டவர்களின் அணி, என்று பலகை வைத்துக்கொண்டு அவர்கள் எடுத்துக்கொண்ட புகைப்படம் இன்றும் பிரபலம். கடைசியில் பருவம் தொடங்கும் நேரத்தில் ஒரு சமரசம் ஏற்பட்டது. சங்கம் பிழைத்தது, ஆனால் பெரிய கோரிக்கைகள் அப்படியே கிடந்தன.

பேச்சுவார்த்தையில் நடக்காததை நீதிமன்றத்தில் நடத்திக்காட்டலாம் என்ற நம்பிக்கை சங்கத்துக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. ஆடும்போது அடிபட்ட ஆட்டக்காரருக்கும் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் பொருந்துமா என்ற கேள்வி கிரிஸ்டல் பேலஸ் கிளப் சம்பந்தப்பட்ட வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போய், பொருந்தும் என்று தீர்ப்பாகியிருந்தது. ஆட்டக்காரர் சட்டப்படி ஒரு தொழிலாளி. அப்படியானால் மற்றத் தொழிலாளிக்கு உள்ள உரிமை இவருக்கும் உண்டுதானே? வேலை முடிந்த தச்சர் அடுத்த பட்டறைக்குப் போக பழைய முதலாளிக்கு யாரும் விலை கட்டுவதில்லை. இந்த அநியாயத்தை எடுத்துக்காட்ட கிங்கபியைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது. சங்கம் செலவை ஏற்றுக்கொண்டது, அவர் வில்லா மீது வழக்குப் போட்டார்.

வழக்கை எந்த அடிப்படையில் வாதாடுவது என்பதில்தான் எல்லாம் கெட்டுப்போனது. கிங்கபியின் தரப்பு பெரிதும் நம்பியது வில்லாவின் கெட்ட எண்ணத்தை. வேண்டுமென்றே அதிக விலை வைத்து அவருக்கு வேலை கிடைக்காமல் செய்தார்கள், அதனால் ஏற்பட்ட இழப்புக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். நீதிபதி லாரன்ஸ் இதை ஏற்கவில்லை. ஆட்டக்காரர் தெரிந்தே கையெழுத்துப் போட்டிருக்கிறார். விதிகள் அனுமதித்ததைத்தான் கிளப் செய்திருக்கிறது. தனக்கு உரிமை உள்ள ஒன்றை ஒருவர் செய்யும்போது அவர் மனதில் என்ன இருந்தது என்பது அதைக் குற்றமாக்கிவிடாது. கெட்ட எண்ணத்துக்கு ஆதாரமும் இல்லை. ஜூரியிடம் விடுவதற்கு இதில் வழக்கே இல்லை என்று சொல்லி முடித்துவிட்டார்.

தீர்ப்பைப் படிக்கிறவருக்குக் கோபம் வரலாம். ஆனால் கேட்ட கேள்விக்கு அவர் சொன்ன பதில் தப்பு என்று சொல்வது கடினம். கேட்கவேண்டிய கேள்வி வேறு. வில்லா விதிப்படி நடந்ததா என்பது விஷயமே இல்லை, அந்த விதி செல்லுமா என்பதுதான் விஷயம். ஒருவர் தன் தொழிலைச் செய்யவிடாமல் கட்டிப்போடும் ஒப்பந்தம், இரு தரப்புக்கும் பொதுநலனுக்கும் நியாயமானதாக இருந்தால் மட்டுமே செல்லும், இல்லாவிட்டால் செல்லாது என்பது இங்கிலாந்துச் சட்டத்தில் பழைய கொள்கை. 1894-இல் நார்டன்ஃபெல்ட் என்ற ஸ்வீடன் நாட்டு துப்பாக்கித் தொழிலதிபரின் வழக்கில், அன்றைக்கு உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதைத் தெளிவாக வகுத்தே வைத்திருந்தது. அந்த ஆயுதம் பதினெட்டு வருடமாகக் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. அதை முதன்மையாக எடுத்து வீசாமல், ஒரு கிளப்பின் மனதுக்குள் என்ன இருந்தது என்று நிரூபிக்கப் போனார்கள். கெட்டது வில்லா அல்ல, விதி. வில்லா இயக்குநர்கள் எல்லாரும் தங்கமான மனிதர்களாக இருந்திருந்தாலும் கிங்கபிக்கு வேலை கிடைத்திருக்காது. இந்த ஒரு விஷயத்தை அன்றைக்கு நீதிமன்றத்தின் முன் அழுத்திச் சொல்லியிருந்தால் இங்கிலாந்துக் கால்பந்தின் அடுத்த ஐம்பது வருடம் வேறு மாதிரி போயிருக்கலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தோற்ற தரப்புதான் செலவைக் கட்ட வேண்டும். சங்கத்தின் தலையில் விழுந்தது 725 பவுண்டு. ஒரு ஆட்டக்காரரின் மூன்றரை வருட உச்ச சம்பளம் அது. சங்கம் ஏறக்குறைய திவாலாகும் நிலைக்கு வந்தது. இந்தத் தோல்விக்குப் பிறகு பதிவு முறையை நீதிமன்றத்தில் இன்னொரு முறை எதிர்க்கும் தெம்பு அதற்குப் பல காலம் வரவில்லை. லீகுக்கோ ‘நீதிமன்றமே சரி என்று சொல்லிவிட்டது’ என்று காட்டிக்கொள்ள ஒரு தீர்ப்பு கிடைத்துவிட்டது. 1920-இல் சதர்ன் லீகின் முதல் டிவிஷன் கிளப்புகளை ஃபுட்பால் லீக் தன் மூன்றாம் டிவிஷனாகச் சேர்த்துக்கொண்டபோது, கிங்கபி தப்பித்த அந்தக் கொல்லைப்புறமே இல்லாமல் போயிற்று. 1934-இல் அவர் இறந்தபோது விதி அப்படியே இருந்தது.

பிறகு தப்ப நினைத்தவர்கள் நாட்டை விட்டே போக வேண்டியிருந்தது. 1950-இல் மான்செஸ்டர் யுனைட்டடின் இடது விங்கர் சார்லி மிட்டன், கொலம்பியாவில் பொகோட்டாவின் சாண்டா ஃபே கிளப்புக்குப் போனார். கொலம்பிய லீக் அப்போது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவுக்கு வெளியே இருந்ததால் யாருக்கும் விலை கட்டாமல் ஆட்டக்காரர்களுக்கே பெரிய பணம் கொடுத்தது. ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்தவருக்கு ஆறு மாதத் தடை, 250 பவுண்டு அபராதம். யுனைட்டட் அவரை ஃபுல்ஹமுக்கு விற்றுவிட்டது. பத்து வருடம் கழித்து அதே மிட்டன் நியூகாசில் யுனைட்டடின் மேலாளர். அந்த கிளப்பில்தான் ஜார்ஜ் ஈஸ்ட்ஹம் 1960-இல் ஒப்பந்தம் முடிந்ததும் புதிதாகக் கையெழுத்துப் போட மறுத்தார். கிளப் தக்கவைப்புப் பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டது. ஈஸ்ட்ஹம் பணியவில்லை, தெற்கே போய் கார்க் (தக்கை) விற்கும் வேலை பார்த்தார். கடைசியில் நியூகாசில் இறங்கிவந்து 47,500 பவுண்டுக்கு அவரை ஆர்சனலுக்கு விற்றது. வேண்டியது கிடைத்த பிறகும் வழக்கைக் கைவிடாமல் சங்கத்தின் துணையோடு நடத்தினார் என்பதற்காக ஈஸ்ட்ஹமை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

1963 ஜூலையில் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் தீர்ப்பளித்தார். இந்த முறை கேள்வி சரியான கேள்வி. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரைப் பிடித்துவைக்கும் விதி, தொழில் செய்வதைத் தடுக்கும் நியாயமற்ற கட்டுப்பாடு, ஆகவே செல்லாது. ஈஸ்ட்ஹமின் மனு அந்த அளவுக்கு வென்றது. ஆனால் கூர்ந்து பார்த்தால் கிங்கபியை வீழ்த்திய சங்கதி இதில் முழுதாகத் தீரவில்லை. அவரை வில்லா பிடித்துவைக்க விரும்பவில்லை, விலை வைத்து விட்டுவிட்டது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரருக்கு விலை கேட்கும் வழக்கம் 1963-க்குப் பிறகும் வேறு வேறு வடிவத்தில் ஐரோப்பா முழுக்கத் தொடர்ந்தது.

1990-இல் பெல்ஜியத்தில் ஆர்எஃப்சி லியேஜ் கிளப்பின் ஆட்டக்காரர் ஜான்-மார்க் போஸ்மன் விஷயத்தில் நடந்ததைப் பார்த்தால் கிங்கபியின் வழக்கை மறுபடி படிப்பது போலவே இருக்கும். ஒப்பந்தம் முடிந்தது. மாதம் 1,20,000 ஃபிராங்க் வாங்கியவருக்கு கிளப் கொடுக்க முன்வந்தது 30,000. பிரான்சின் டன்கர்க் கிளப் அவரை எடுக்கத் தயாராக இருந்தது, ஆனால் விலை விவகாரத்தில் அந்த மாற்றம் முறிந்தது. இவரும் நட்சத்திரம் இல்லை, சாதாரண ஆட்டக்காரர். 1995 டிசம்பர் 15-ஆம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம், ஐரோப்பிய ஒன்றிய நாட்டவரான ஆட்டக்காரரின் ஒப்பந்தம் முடிந்த பிறகு, வேறொரு உறுப்பு நாட்டு கிளப் அவரை எடுத்துக்கொள்வதற்குப் பழைய கிளப் பணம் கேட்பது ஒன்றியத்தின் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது.